தூங்குகிற கை

12 அக்டோபர், சனி

கதிரேசனின் கம்பெனியில் புது வருடத்துக்குக் கொடுத்த டைரி இது. ஒன்பது மாதமாகப் பரணில் கிடந்தது. இன்றைக்கு விஜயதசமி, எதையாவது எழுதினால் நல்லது என்று இறக்கித் தூசி தட்டினேன்.

இதழினியை எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட்டோம். பள்ளிக்கூட ஹாலில் வரிசையாகத் தாம்பாளங்கள் வைத்து அரிசி பரப்பியிருந்தார்கள். ஒவ்வொரு அப்பாவும் பிள்ளையை மடியில் வைத்து, விரலைப் பிடித்து எழுத வைக்க வேண்டும். எங்கள் முறை வந்தபோது இதழினி தானாகவே கையை நீட்டினாள். இடது கை. கதிரேசன் சட்டென்று அதை மடக்கிவிட்டு வலது கையைப் பிடித்தார். அவள் விடவில்லை. இழுத்த இழுப்பில் பாதி அரிசி தரையில் கொட்டியது. பக்கத்துத் தாம்பாளக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஃபோட்டோவில் நானும் அவரும் நன்றாக விழுந்திருக்கிறோம். அவள் மட்டும் அழுகிறாள்.

வகுப்பாசிரியை பெயர் பிரமீளா. நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். சத்தம் போடாமலே கண்டிப்பாகப் பேசுகிறார்.

"மத்த பசங்க ஜூன்லயே வந்துட்டாங்க. கோடெல்லாம் முடிச்சு எழுத்துக்குப் போகப் போறோம். அரையாண்டுக்குள்ள இவளும் கூட வந்துடணும் மேடம். இல்லன்னா ஜனவரியில ப்ரீ கேஜிக்கு இறக்கிடுவோம். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"அதெல்லாம் வந்துருவா மிஸ். இவ எம்.எஸ்ஸி. மேத்ஸ்" என்று கதிரேசன் என்னைக் காட்டினார்.

பிரமீளா அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

14 அக்டோபர், திங்கள்

காலையிலேயே கம்பெனி வண்டி வந்து அவரை ஏர்போர்ட்டுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டது. குஜராத் பிளான்ட்டில் புது லைன் போடுகிறார்கள். மார்ச் வரைக்கும் அங்கேதான்.

ஒன்பது மணிக்கு இதழினியைப் பள்ளியில் விட்டேன். ஆயா என் இடுப்பிலிருந்து அவளைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போனார். பன்னிரண்டரைக்கு விடுவார்கள். வீட்டைப் பெருக்கித் துடைத்தேன். மணி பத்து. மறுபடியும் துடைத்தேன்.

17 அக்டோபர், வியாழன்

ஓசூருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கீழ் வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் கன்னடம். பார்த்தால் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். தண்ணீர் மோட்டார் போடுகிற நேரம் மட்டும் மூன்று மொழியிலும் எல்லோருக்கும் புரியும்.

பள்ளி விடுகிற நேரத்தில் அம்மாக்கள் கேட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை நிழலில் கூட்டமாக நிற்கிறார்கள். நான் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் நிற்பேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் தனியாக நிற்பது போலத் தெரியாது. இன்றைக்குப் போனை வீட்டில் மறந்துவிட்டேன். 'அபாயம்' என்ற பலகையைப் பத்து நிமிடம் படித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்று இதழினியைக் கேட்டேன்.

"லைன்ல நிக்க."

"அப்புறம்?"

"டப்பா மூட."

"அப்புறம்?"

"யாராச்சும் அழுதா தண்ணி குடுக்கணும்."

"நீ குடுத்தியா?"

"நான்தான் அழுதேன்."

21 அக்டோபர், திங்கள்

முதல் வீட்டுப்பாடம். ஸ்லீப்பிங் லைன், அதாவது படுத்த கோடு, எட்டு வரி. பென்சிலைக் கொடுத்தால் இடது கையில் வாங்குகிறாள். நான் வலது கைக்கு மாற்றுகிறேன். ஒரு கோடு போடுகிறாள், இல்லை, பென்சில் தாளில் விழுந்து நகர்கிறது, அவ்வளவுதான். திரும்பிப் பார்ப்பதற்குள் பென்சில் மறுபடியும் இடது கைக்குப் போய்விடுகிறது. ஏழு தடவை மாற்றினேன். எட்டாவது தடவை பென்சிலைத் தூக்கி எறிந்தாள்.

சாயங்காலம் கதிரேசன் போன் செய்தபோது சொன்னேன்.

"இப்பவே மாத்திரு மாரி. விட்டா அப்படியே ஊறிப்போவும். எங்க பெரியப்பா மவன் செல்வமணிக்குக் கையைக் கட்டிப்போட்டுத்தான் மாத்துனாங்க. இன்னைக்கு அவன் பேங்க்ல இருக்கான்."

"அவ அழுதாங்க."

"அழத்தான் செய்வா. நாளைக்குக் கல்யாண வீட்ல பந்தியில உக்காந்து இடது கையால அள்ளித் தின்னா, எல்லாரும் என்னையத்தான கேப்பாங்க? நீ வீட்ல சும்மாதான இருக்க, உக்காந்து பழக்கு."

சரி என்றேன். பழக்குகிறேன்.

22 அக்டோபர், செவ்வாய்

நோட்டில் சிவப்பு மையில்: 'வீட்டுப்பாடம் முடிக்கவில்லை. பெற்றோர் கவனிக்கவும்.'

இங்கே பெற்றோர் என்றால் நான் ஒருத்திதான்.

24 அக்டோபர், வியாழன்

இதழினி சாப்பிட்டதும் இரண்டு மணிக்குத் தூங்கிவிடுகிறாள். இன்றைக்கும் எட்டு வரி. ஒரு வரிகூட ஒழுங்காக வரவில்லை, அழுது அழுது மூக்கு சிவந்து அப்படியே தூங்கிப்போனாள். நோட்டு திறந்தே கிடந்தது. ஒரு நாளைக்குத்தானே என்று நான் போட்டேன்.

முதலில் வலது கையால் போட்டேன். ரொம்ப நேராக வந்துவிட்டது. எந்தப் பிள்ளை இப்படிப் போடும்? அழித்தேன். பென்சிலை இடது கைக்கு மாற்றினேன். இப்போது சரியாக வந்தது: தொடங்குகிற இடத்தில் ஒரு நடுக்கம், முடிகிற இடத்தில் ஒரு சறுக்கல். எட்டு வரியும் போட்டுவிட்டு நோட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

25 அக்டோபர், வெள்ளி

ஸ்டார்! சிவப்பு, பளபளவென்று ஒட்டுகிற வகை. கீழே 'குட்'.

இதழினியிடம் காட்டினேன்.

"அது என்னுது இல்ல" என்றாள்.

"உன் நோட்டுதான? அப்ப உன்னுதுதான்."

"ம்."

என்னை யார் கடைசியாக 'குட்' என்று சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். எம்.எஸ்ஸி. வைவாவில், வெளிக் கல்லூரியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர். ஆறு வருடம் இருக்கும்.

கதிரேசனிடம் ஸ்டார் வாங்கிவிட்டாள் என்று மட்டும் சொன்னேன். "பாத்தியா, வலது கைக்கு மாத்துனதும் வந்துருச்சு!" என்றார். அவருக்குப் பின்னால் யாரோ இந்தியில் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டார்.

31 அக்டோபர், வியாழன். தீபாவளி.

ஊருக்குப் போகவில்லை. பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை என்று கதிரேசன் வீட்டில் சொல்லிவிட்டேன். நான் டிக்கெட் பார்க்கவே இல்லை. எட்டயபுரம் வீட்டில் இருபது பேர் பந்தி போட்டுச் சாப்பிடுவார்கள். யார் எந்தக் கையால் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

இதழினிக்குப் புதுப் பாவாடை. நான்கு கம்பி மத்தாப்பு கொளுத்தினோம். வீடியோ காலில் கதிரேசன், "அப்பாக்கு டாட்டா காட்டு" என்றார். அவள் கையைத் தூக்குவதற்குள் நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கையால் காட்டினாள்.

6 நவம்பர், புதன்

எழுத்துக்கு வந்துவிட்டார்கள். முதலில் 'ட'. ஒரு நிற்கும் கோடு, ஒரு படுத்த கோடு. பார்க்க எவ்வளவு லேசு!

இடது கையால் ஒரு பக்கம் முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கட்டைவிரலுக்கு அடியில் விண்விண்ணென்று தெறிக்கிறது. மேலிருந்து கீழே இழுக்க வேண்டும் என்று மூளைக்குத் தெரிகிறது, கை வேறு பக்கம் போகிறது. எழுதினதன் மேலேயே கை ஓடி உள்ளங்கை ஓரமெல்லாம் கரி. ஒரு கட்டத்தில் எரிச்சலில் பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டேன். எம்.எஸ்ஸி. டோபாலஜி பரீட்சையில்கூட நான் இப்படித் தவித்தது இல்லை.

ஆனால் விடவில்லை. முன்னேற்றம் எப்படித் தெரிய வேண்டும் என்று திட்டமே வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வரிக்கு மூன்று கோணல், புதன்கிழமை இரண்டு, வெள்ளிக்கிழமை ஒன்று. ஒரேயடியாகச் சரியாக எழுதினால் சந்தேகம் வரும்.

இட்லி மாவு பொங்கி வழிந்து மேடையெல்லாம் ஆகிவிட்டது. கவனிக்கவே இல்லை.

11 நவம்பர், திங்கள்

'வெரி குட். நல்ல முன்னேற்றம்.' இரண்டு ஸ்டார்.

14 நவம்பர், வியாழன்

குழந்தைகள் தினம். எல்.கே.ஜி. பிள்ளைகள் வண்ணத்துப்பூச்சி டான்ஸ் ஆடினார்கள். எல்லோரும் வலது இறக்கையைத் தூக்கும்போது இதழினி இடது இறக்கையைத் தூக்கினாள். இருபத்துநாலு பூச்சியில் ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் பறந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சுகுணா. அவர் மகள் ஜோஷிதாவும் இதே வகுப்புதான். முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"ஏங்க, உங்க பொண்ணு கண்ணாடியில பாத்து ஆடற மாதிரியே ஆடுதுங்க. செம அழகு!"

"இல்ல, அவளுக்கு வலது கைதான்" என்றேன்.

"நான் கையப் பத்தி ஒண்ணுமே சொல்லலயேங்க" என்று சிரித்தார். அப்புறம், "எங்க ஜோஷி கூட..." என்று ஏதோ ஆரம்பித்தார். பால் அடுப்பில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வருவேனா என்று அவர் நினைத்திருப்பார்.

19 நவம்பர், செவ்வாய்

இன்றைக்கு இதழினி தூங்கவில்லை. பள்ளிக்கூட விளையாட்டு. அவள்தான் மிஸ், நான் பிள்ளை.

"ஃபிங்கர் ஆன் லிப்ஸ்!"

வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் பொம்மைகளுக்கு வருகைப் பதிவு எடுத்தாள், குளியலறைக்குப் போய்விட்டு வந்தாள், பிஸ்கட் தின்றாள். விரலை எடுக்கச் சொல்ல மறந்தே போனாள். அரை மணி நேரம் அப்படியே இருந்தேன். ஒன்றும் கஷ்டமாக இல்லை.

அப்புறம் பார்த்தால் பீரோவின் பக்கவாட்டில் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தாள். ட, ட, ட. மூன்றும் நேராக, ஆணி அடித்த மாதிரி. இடது கையால்.

"எந்தக் கை அது?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சாக்பீஸ் கீழே விழுந்தது. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

"அந்தக் கையால எழுதும்மா. வலது கையால."

"அந்தக் கை தூங்குதும்மா. எழுப்புனா அழுவுது."

ஈரத்துணியால் பீரோவைத் துடைத்தேன். லேசாகத் தடம் தெரிகிறது.

26 நவம்பர், செவ்வாய்

பிரமீளா மிஸ் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். பதினோரு மணிக்குப் போனேன்.

"நோட்டுல இவ்ளோ அழகா எழுதறா. இங்க பென்சிலைக் கையால தொட மாட்டேங்கறா மேடம். குடுத்தா ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கறா. கெஞ்சிப் பாத்தாச்சு, சாக்லேட் குடுத்துப் பாத்தாச்சு."

நான் அவர் மேஜையில் இருந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுதத் தெரியாத பிள்ளைன்னா உக்கார வெச்சு சொல்லித் தருவேன். தெரிஞ்சுக்கிட்டே எழுதலன்னா அது பிடிவாதம். மூணு வாரமா தனியாதான் உக்கார வெக்கறேன். தனியா இருந்தாலாவது மத்த பசங்களோட சேரணும்னு தோணும்ல?"

"மூணு வாரமாவா?"

"அவ வீட்ல சொல்லலையா?"

ஜன்னல் வழியாகக் காட்டினார். கடைசியில் சுவரை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இதழினி அதில் கால் தரைக்கு எட்டாமல் உட்கார்ந்திருந்தாள். மற்ற பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் வாயும் அசைந்துகொண்டிருந்தது.

"டிசம்பர் ஒன்பதாம் தேதி என் கண் முன்னாடி எழுதிக் காட்டணும். அவ்ளோதான் மேடம். இல்லன்னா ப்ரீ கேஜிதான். அங்க எல்லாம் ரெண்டரை வயசுப் பிள்ளைங்க."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "சரிங்க மிஸ், வீட்ல சொல்றேன்" என்று வந்தது.

மத்தியானம் அவளிடம், "கிளாஸ்ல எங்கடா உக்காந்திருக்க?" என்று கேட்டேன்.

"பின்னாடி. அங்க ஃபேன் காத்து நல்லா வரும்."

அவள் தூங்கின பிறகு வீட்டுப்பாடம் எழுதினேன். 'ப', ஒரு பக்கம். எழுதாமல் அனுப்பினால் கேள்வி வரும் அல்லவா?

27 நவம்பர், புதன்

ஸ்டார்.

29 நவம்பர், வெள்ளி

கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் நாளை மறுநாள்தான் வருமாம். இன்டக்‌ஷன் அடுப்பில் சோறு வைத்தேன். ஒன்பதாம் தேதிக்கு இன்னும் பத்து நாள்.

2 டிசம்பர், திங்கள்

புயல் மழை, பள்ளிக்கு விடுமுறை. காலையிலிருந்து உட்கார வைத்துப் பழக்கினேன்.

கதிரேசன் போனில் மறுபடியும் செல்வமணி கதையைச் சொன்னார். ஒரு வாரம் கட்டினாலே போதுமாம், மறந்தே போய்விடுமாம்.

துப்பட்டாவால் கட்டினேன். லேசாகத்தான். மணிக்கட்டையும் இடுப்பையும் சேர்த்து. விரல் போகிற அளவுக்கு இடைவெளி விட்டுத்தான். காட்டன் துப்பட்டா.

அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. வலது கையால் பென்சிலைப் பிடித்து, நான் சொன்ன இடத்தில் வைத்து, நான் சொன்ன பக்கம் இழுத்தாள். அது ட இல்லை. ஒன்றும் இல்லை. அடுத்தது. அடுத்தது. ஒரு மணி நேரத்தில் ஒரு தடவைகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவிழ்த்துவிட்டதும் போய் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்தாள். மத்தியானம் தானே தூங்கிப்போனாள். நான் நோட்டை எடுத்தேன், இடது கையில் பென்சிலைப் பிடித்தேன். இரண்டு எழுத்து போட்டதுமே கட்டைவிரலடியில் அந்த வலி. பென்சிலை வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். பழகாத கை எப்படி வலிக்கும் என்று நாற்பது நாளாக எனக்குத் தெரியும். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

லேசாகத்தான் கட்டினேன்.

4 டிசம்பர், புதன்

மழை விட்டுப் பள்ளி திறந்தது. ஷூ மாட்டி, பை மாட்டி, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு திரும்பினால் இதழினி கையில் துப்பட்டா. கொடியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"கட்டும்மா."

"எதுக்குடா?"

"மிஸ் எழுதச் சொல்லுவாங்க. கட்டுனாத்தான எழுதலாம்?"

இடது கையை அவளே இடுப்பில் ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள். ஊசி போடுகிறவர்களிடம் நிற்பாளே, அந்த மாதிரி.

துப்பட்டாவை வாங்கிக் கட்டிலில் போட்டேன். அவளைத் தூக்கிக்கொண்டேன். நோட்டையும் எடுத்துக்கொண்டேன். பள்ளி வரைக்கும் இறக்கிவிடவே இல்லை. "நான் நடப்பேன், நான் பெரிய பிள்ளை" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வகுப்பில் வருகைப் பதிவு நடந்துகொண்டிருந்தது. இறக்கிவிட்டதும் இதழினி யாரும் சொல்லாமலே நேராகப் போய்ப் பின்னாலிருந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

"மேடம், கிளாஸ் நேரம்" என்றார் பிரமீளா.

"மிஸ், இந்த நோட்டுல இருக்கிறதெல்லாம் நான் எழுதினது."

"ஹெல்ப் பண்ணீங்களா? எல்லா அம்மாவும் பண்றதுதான். கொஞ்சம் கொஞ்சமா விட்டுடுங்க."

"ஹெல்ப் இல்ல மிஸ். முழுசா நான்தான். அவ ஒரு வரிகூட எழுதல."

நோட்டை வாங்கிப் புரட்டினார். "என்னங்க சொல்றீங்க? இது சின்னப் பிள்ளை எழுத்து. பதினேழு வருஷமா இதைத்தான் பாத்துட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"இடது கையால எழுதினேன்."

"ப்ரீ கேஜிக்குப் போயிடக் கூடாதுன்னு இப்படிச் சொல்றீங்களா?"

முன்வரிசையில் ஒரு குட்டி நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். முழங்கால் நெஞ்சில் இடித்தது. மேஜையில் கிடந்த பென்சிலை இடது கையில் எடுத்து, ஒரு தாளில் 'ட' போட்டேன். தொடங்குகிற இடத்தில் நடுக்கம், முடிகிற இடத்தில் சறுக்கல். இன்னொன்று போட்டேன். வகுப்பு மொத்தமும் எழுந்து வந்து சுற்றி நின்றுகொண்டது.

"மிஸ், ஆன்ட்டி கோணையாப் போடறாங்க!"

"ஆன்ட்டி, கோட்டைத் தாண்டக் கூடாது!"

"ஆன்ட்டி, நாக்கை உள்ள வெச்சுக்கோங்க" என்றாள் ஒருத்தி. அவள்தான் ஜோஷிதா. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

பிரமீளா நோட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"நாலு வாரம்ங்க. தெரிஞ்சும் எழுதல, திமிருன்னு நினைச்சு நாலு வாரம் அவளை அங்க உக்கார வெச்சிருக்கேன். நீங்க அன்னிக்கு என் முன்னாடி நின்னீங்களே, ஜன்னல் வழியாப் பாத்தீங்களே!"

"ஆமா மிஸ்."

"எதுக்குங்க?"

ஸ்டாருக்கு என்று சொல்ல முடியுமா?

"அவளுக்கு எந்தக் கை?"

"இடது." இதை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"அதைச் சொல்றதுக்கு என்ன? பென்சிலையே தொடலன்னா எனக்கு எப்படித் தெரியும்? இதே கிளாஸ்ல ரெண்டு பேர் இடது கைதான். இதோ நிக்கறாளே ஜோஷிதா, இவளும் இடது கை."

ஜோஷிதா பெருமையாகக் கையைத் தூக்கிக் காட்டினாள்.

அப்போதுதான் இதழினி இறங்கி வந்தாள். பிள்ளைகளுக்கு நடுவில் நுழைந்து, என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தாளைப் பார்த்தாள். என் இடது கையைப் பார்த்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பென்சிலை உருவினாள், அவளுடைய இடது கையால். என் கோணலுக்குப் பக்கத்தில் ஒரு 'ட' போட்டாள். இன்னொன்று. மூன்றாவது போட்டுவிட்டுப் பென்சிலை வைத்தாள்.

"போதும்" என்றாள்.

பிரமீளா குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டுபோய் ஜோஷிதாவின் பக்கத்தில் உட்கார வைத்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"திங்கக்கிழமை எல்லாருக்கும் வெக்கற மாதிரி இவளுக்கும் டெஸ்ட் வெப்பேன். அதுக்கு மேல நான் எதுவும் சொல்ல முடியாது. நீங்க இனிமே நோட்டைத் தொடாதீங்க."

5 டிசம்பர், வியாழன்

கதிரேசனிடம் சொல்லிவிட்டேன். நோட்டு விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அவளுக்கு இடது கைதாங்க. மாத்த மாட்டேன்."

"மாரி, நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். மார்ச்ல வந்து நான் பாத்துக்கிடுதேன்."

"வந்து பாருங்க. மாத்த வேண்டாம்."

"ஊர்ல என்ன சொல்லுவாங்கன்னு..."

"ஊர்ல நாலு பேருக்காக அவ கையை நான் கட்டினேங்க."

இதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. "அழுதாளா?" என்றார்.

"அழல."

"சரி, வெச்சிருதேன்" என்றார். ஆனால் வைக்கவில்லை. இரண்டு பேரும் அந்த மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

9 டிசம்பர், திங்கள்

பத்து எழுத்துக்கு ஆறு. 'ம' இன்னும் வரவில்லை. எல்.கே.ஜி.யிலேயே இருக்கலாம் என்று பிரமீளா சொன்னார். என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

பன்னிரண்டு இருபதுக்கு ஜெராக்ஸ் கடை நிழலுக்குப் போய் நின்றேன். நானேதான் போனேன்.

"ஜோஷிதாவுக்கு இடது கையாமே" என்று சுகுணாவிடம் கேட்டேன்.

"அன்னிக்கு அதத்தாங்க சொல்ல வந்தேன். நீங்க பால் பொங்குதுன்னு ஓடிட்டீங்க." பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். "பொங்கிச்சா?"

"பால் இல்ல" என்றேன். இன்னும் சிரித்தார்கள்.

"உங்க பேர் என்னாங்க? நாங்க இத்தினி நாளா டிரான்ஸ்ஃபார்மர் அம்மான்னுதான் சொல்லிக்கினு இருக்கோம்" என்றார் இன்னொருவர்.

மாரீஸ்வரி என்றேன். அவர்களுக்குள் ஏதோ ஏலச் சீட்டுப் பேச்சு தொடர்ந்தது. நடுநடுவே என்னையும் பார்த்துப் பேசினார்கள். என்ன பதில் சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்ததற்குப் போய்விடுகிறது. பழக வேண்டும்.

10 டிசம்பர், செவ்வாய்

வீட்டுப்பாடம்: 'ம', ஒரு பக்கம்.

சாப்பிட்டதும் தூங்கச் சொன்னேன். மாட்டேன் என்று நோட்டை எடுத்துக்கொண்டு ஹாலில் குப்புறப் படுத்துவிட்டாள். தலையைச் சாய்த்து, நோட்டையும் ஒரு மாதிரி சாய்த்து வைத்துக்கொண்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. முதல் 'ம' கவிழ்ந்த டம்ளர் மாதிரி வந்தது. அழித்தாள். இரண்டாவதற்கு வளைவு இல்லை. அழித்தாள். தாள் நைந்துபோனது. எனக்குக் கை பரபரத்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். புள்ளி மட்டும் வைத்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

நோட்டின் மேல் கையை மறைத்து வைத்துக்கொண்டாள்.

"நீ தள்ளிப் போம்மா. நீ கோணையாப் போடுவ."

தள்ளிப் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அழித்தாள். மறுபடியும் எழுதினாள். பென்சில் தாளில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு இனிமேல் மத்தியானத்தில் வேலை எதுவும் இல்லை.

மணி இரண்டரைதான் ஆகியிருந்தது.